பிறப்புச் சான்றிதழ் இல்லாத சொற்கள்

'ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கு அனுமதி இல்லை' என்ற ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகள்தான் 'கோல்ஃப்' என்று சொல்லும் வாட்ஸாப் செய்தி வராத குழு இருக்காது. அதே செய்தியில் கீழே போனால் 'நியூஸ்' என்பது நான்கு திசைகளின் முதலெழுத்து, 'டிப்' என்பது சேவை சீக்கிரம் கிடைக்கத் தரும் காசின் சுருக்கம், 'காப்' என்பது ரோந்து போகும் கான்ஸ்டபிளின் சுருக்கம் என்று வரிசையாக வரும். நான்கும் பொய்.

இதைக் காட்ட மொழியியல் பட்டம் எல்லாம் வேண்டாம், தேதி போதும். 1457இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கால்பந்தையும் கோல்ஃபையும் தடை செய்தது. ஆட்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டுப் பந்தடிக்கப் போகிறார்கள் என்பது அரசின் கவலை. பெண்களைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. முக்கியமான விஷயம், ஒரு சொற்றொடரின் முதலெழுத்துகளைக் கோத்து அதை ஒரு சொல்லாக வாசிக்கும் பழக்கம் அந்தக் கால ஆங்கிலத்தில் கிடையாது. ரேடார், லேசர், ஸ்கூபா போன்றவை 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ராணுவமும் அரசு அலுவலகமும் வளர்த்துவிட்ட பழக்கம் அது. 'நியூஸ்' என்பது 'புதியது' என்ற சொல்லின் பன்மை, அவ்வளவுதான். 'டிப்' 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே திருடர் பேச்சில் 'கொடு' என்ற பொருளில் புழங்கியது. 'காப்' என்றால் 'பிடி'. அது 1704 வாக்கிலேயே பதிவாகியிருக்கிறது. பிடிப்பவர் 'காப்பர்', அது குறுகி மறுபடியும் 'காப்'.

எனவே 1900க்கு முந்தைய சொல்லுக்கு யாராவது முதலெழுத்துக் கதை சொன்னால், கதை எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படலாம்.

அழகில் முதல் பரிசு, பகட்டான, உயர்தரமான என்று பொருள்படும் 'போஷ்' என்ற சொல்லின் கதைக்குத்தான். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு பி அண்ட் ஓ கப்பலில் வரும் பணக்காரர்கள், வரும்போது இடப்பக்க அறையும் திரும்பும்போது வலப்பக்க அறையும் கேட்டு வாங்குவார்களாம். செங்கடலில் வெயில் குறைவாகப் படும் பக்கம் அது. கப்பல்காரர் பேச்சில் இடப்பக்கம் 'போர்ட்', வலப்பக்கம் 'ஸ்டார்போர்ட்'. 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்பதன் நான்கு எழுத்துகளையும் டிக்கெட்டில் முத்திரையாகக் குத்துவார்களாம். திசைக் கணக்கு சரி, வெயில் கணக்கும் சரி, கப்பல் நிறுவனமும் நிஜம். டிக்கெட் மட்டும் இல்லை. அப்படி முத்திரை விழுந்த ஒரே ஒரு டிக்கெட்கூட இதுவரை கிடைத்ததில்லை. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரின் பேச்சுச் சொற்களைத் தேடித் தேடித் தொகுத்து 1886இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியும் அப்படியொரு வழக்கத்தைக் குறிப்பிடவில்லை.

அச்சில் கிடைக்கும் தடயம் வேறு திசையைக் காட்டுகிறது. 1914இல் பிரிட்டிஷ் ராணுவ வாழ்க்கையைப் பற்றி வந்த ஒரு நூல், குதிரைப்படைக்காரர்கள் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் 'போஷ்' உடை அணிவார்கள் என்று எழுதி, ராணுவம் தந்த உடை அல்லாமல் சொந்தமாக வாங்கிய உயர்ந்த உடைக்கு அந்தப் பெயர் என்று விளக்கமும் தருகிறது. 1918 செப்டம்பரில் 'பஞ்ச்' இதழின் கேலிச்சித்திரம் ஒன்றில் ஓர் இளம் விமானப்படை அதிகாரி இந்தச் சொல்லைச் சொல்ல, அம்மாவுக்குப் புரியவில்லை. நகைச்சுவையே அதுதான். படித்த மேல்தட்டுக் குடும்பத்து அம்மாவுக்கு 1918இல்கூட இந்தச் சொல் புதிது. பணக்காரர்களின் கப்பல் டிக்கெட்டில் பல பத்தாண்டுகளாக இருந்த முத்திரை என்றால் முதலில் தெரிந்திருக்க வேண்டியது அவருக்குத்தான்.

கப்பல் விளக்கம் அச்சில் தலைகாட்டுவது 1930களில். சொல் பிறந்து இரண்டு பத்தாண்டுகள் ஆன பிறகு அதன் பிறப்புக் கதை பிறக்கிறது. எந்தச் சொல்லை எடுத்தாலும் இந்த இரண்டு தேதிகளையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்வது நல்லது: சொல் முதலில் அச்சான தேதி, கதை முதலில் அச்சான தேதி. பொய்க் கதைகளில் இந்த இடைவெளி பெரும்பாலும் பளிச்சென்று தெரியும். இன்று வினாடி வினாவைக் குறிக்கும் 'க்விஸ்' இதற்கு நேர்மாறாகச் சறுக்கியது. டப்ளின் நாடகக் கொட்டகை நிர்வாகி டேலி, 24 மணி நேரத்தில் ஊரெல்லாம் ஒரு புதுச் சொல்லைப் பேச வைக்கிறேன் என்று பந்தயம் கட்டி, சுவரெல்லாம் அந்த நான்கு எழுத்தை எழுதவைத்தார் என்பது கதை. ஆண்டு 1791 என்பார்கள். எழுத்தாளர் ஃபேனி பர்னியின் நாட்குறிப்பில் 1782லேயே அந்தச் சொல் இருக்கிறது, 'விசித்திரமான ஆள்' என்ற பொருளில்.

அப்படியானால் 'போஷ்' எங்கிருந்து? வட இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன நாடோடிகளான ரோமானி மக்களின் மொழியில் 'போஷ்' என்றால் பாதி. அது அரை பென்னி நாணயத்துக்குப் பெயராகி, 19ஆம் நூற்றாண்டு லண்டன் கொச்சையில் சில்லறை, பணம் என்று விரிந்தது. அதே நூற்றாண்டின் கடைசியில் 'பகட்டன்' என்ற பொருளிலும் கொச்சை அகராதிகளில் ஏறியது. பணத்திலிருந்து பகட்டுக்கு, பகட்டிலிருந்து பகட்டான உடைக்கு என்று வழி போட முடியும். ஆனால் இடையில் ஒரு கண்ணி இன்னும் கைக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் நல்ல அகராதிகள் 'இருக்கலாம்' என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன.

மேலே சொன்ன முதலெழுத்து விதிக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. அது உலகிலேயே அதிகம் பேசப்படும் சொற்களில் ஒன்று.

'ஓகே'வுக்குச் சொந்தம் கொண்டாடாத மொழி குறைவு. சோக்டோ பழங்குடி மொழியின் 'அப்படித்தான்' என்று பொருள்படும் சொல் என்றார்கள். அமெரிக்க அதிபர் வுட்ரோ வில்சன் அதை நம்பி, கோப்புகளில் அந்த உச்சரிப்புக்கு ஏற்ற எழுத்துகளிலேயே ஒப்புதல் எழுதினார். கிரேக்கத்தின் 'ஓலா கலா', மேற்கு ஆப்பிரிக்க வோலோஃப் மொழியின் 'வாவ் கே', ஸ்காட்லாந்தின் 'ஓக் ஐ' என்று வரிசை நீளம். வழக்கை முடித்து வைத்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். 1963, 1964 ஆண்டுகளில் 'அமெரிக்கன் ஸ்பீச்' ஆய்விதழில் தொடர் கட்டுரைகளாக அதை எழுதினார்.

அவர் பிடித்த நுனி 1839 மார்ச் 23 தேதியிட்ட 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்'. மணியடிப்பு எதிர்ப்புச் சங்கம் என்ற ஒரு விளையாட்டுச் சங்கத்தின் பயணத்தைக் கிண்டலடிக்கும் பத்தி அது. அதன் நடுவே 'ஓ.கே.' வருகிறது, கூடவே 'எல்லாம் சரி' என்பதற்கான ஆங்கிலச் சொற்களும் விளக்கமாக வருகின்றன. அந்தச் சொற்களின் முதலெழுத்துகள் 'ஏ'வும் 'சி'யும்தானே? வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி, உச்சரிப்பைப் பார்த்து 'ஓ', 'கே' என்று சுருக்கியிருக்கிறார்கள். இதை மட்டும் வைத்திருந்தால் அதுவும் இன்னொரு கதையாகவே நின்றிருக்கும். ரீட் அதே ஆண்டுகளின் பாஸ்டன், நியூயார்க் பத்திரிகைகளை அலசி, இது தனி வேடிக்கை அல்ல, ஒரு மோகம் என்று காட்டினார். 'ஆல் ரைட்' என்பதை அதே பாணியில் 'ஓ.டபிள்யூ.' என்று எழுதியிருக்கிறார்கள். 'நோ யூஸ்' என்பதற்கு 'கே.ஒய்.' ஒரு மந்தையாக வந்த சுருக்கங்களில் மற்றவை எல்லாம் செத்துப்போக, ஒன்று மட்டும் தப்பியது.

தப்பியதற்கும் காரணம் இருக்கிறது. 1840இல் அதிபர் தேர்தல். பதவியில் இருந்த மார்ட்டின் வான் ப்யூரன் நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹுக் ஊர்க்காரர், 'ஓல்ட் கிண்டர்ஹுக்' என்பது அவருக்குச் செல்லப்பெயர். ஆதரவாளர்கள் 'ஓ.கே. கிளப்' தொடங்கினார்கள். எதிர்த்தரப்புப் பத்திரிகைகள், முன்னாள் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, இது அவர் எழுதிய பிழை என்று கிளப்பிவிட்டன. வான் ப்யூரன் தோற்றார், சொல் ஜெயித்தது. கவனிக்க வேண்டியது, இதே ரீட் 1941இல் எழுதிய கட்டுரையில் 'ஓல்ட் கிண்டர்ஹுக்'தான் மூலம் என்று சொல்லியிருந்தார். அப்போது அவர் கையில் இருந்த ஆகப் பழைய சான்று 1840தான். 1839 கிடைத்ததும் பழைய முடிவை ஒதுக்கிவிட்டார்.

ஜாக்சன் பெயரில் இன்னொரு பொறியும் உண்டு. 1790ஆம் ஆண்டு டென்னஸி நீதிமன்றப் பதிவேடு ஒன்றில் ஜாக்சன் தாக்கல் செய்த விற்பனைப் பத்திரத்துக்குப் பக்கத்தில் 'ஓ.கே.' இருக்கிறது என்று 19ஆம் நூற்றாண்டில் ஒருவர் அச்சிட்டுவிட்டார். மூலத்தைப் பார்த்தபோது அது 'ஓ.ஆர்.', உத்தரவு பதிவானது என்பதன் வழக்கமான அலுவலகச் சுருக்கம். கையெழுத்தில் 'ஆர்' எழுத்தின் காலும் 'கே' எழுத்தின் காலும் ஒன்றுபோல இருக்கும். சொல்லின் வயதை ஐம்பது ஆண்டு கூட்டியிருக்க வேண்டிய சான்று ஒரு வளைவில் போயிற்று.

தேடுவது எப்படி, சறுக்குவது எங்கே

முன்பு இந்த வேலைக்கு ஆள்படை வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காக 1879இல் ஆசிரியர் ஜேம்ஸ் மரே பொதுமக்களிடம் வேண்டுகோள் விட்டு, படிக்கும் நூல்களிலிருந்து சொல், ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம், மேற்கோள் என்று துண்டுச்சீட்டுகளில் எழுதி அனுப்பச் சொன்னார். முதல் பகுதி 1884இல் வந்தது, முழுவதும் முடிந்தது 1928இல். இன்று அதே வேலையை வீட்டு மேசையில் செய்யலாம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'க்ரானிக்ளிங் அமெரிக்கா', ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்', நியூசிலாந்தின் 'பேப்பர்ஸ் பாஸ்ட்' மூன்றும் இலவசம். பிரிட்டிஷ் செய்தித்தாள் காப்பகத்தில் பெரும்பாலான பக்கங்களைப் பார்க்கக் காசு கட்ட வேண்டும். நூல்களுக்கு ஹாத்தி ட்ரஸ்ட், இன்டர்நெட் ஆர்க்கைவ், கூகுள் புக்ஸ். கொச்சைச் சொல் என்றால் முதலில் போக வேண்டிய இடம் ஜொனாதன் கிரீனின் அகராதி. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டுவாரியாக மேற்கோள்கள் இருக்கும்.

சொல்லைத் தட்டியதும் 'ஆகா, 1780லேயே இருக்கிறதே' என்று குதிக்க வேண்டாம். 1800க்கு முந்தைய அச்சில் 'எஸ்' எழுத்தின் நீண்ட வடிவம் 'எஃப்' போலவே இருக்கும். எழுத்துணரி மென்பொருள் அதை 'எஃப்' என்றே படித்துவைக்கும். 'உறிஞ்சு' என்ற பொருளுள்ள சாதுவான ஆங்கிலச் சொல், 18ஆம் நூற்றாண்டு நூல்களில் ஆயிரம் தடவை கெட்ட வார்த்தையாகத் தெரிவது இதனால்தான். அதை வரைபடமாகப் போட்டு, அந்தக் காலத்து ஆட்கள் நம்மைவிட மோசம் என்று கட்டுரை எழுதியவர்களும் உண்டு. 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டிக்கொண்டால் 'எம்' ஆகும், 'சி', 'எல்' சேர்ந்தால் 'டி' ஆகும். வரி முடிவில் உடைந்த சொல் தேடலில் சிக்கவே சிக்காது, பாதிச் சொல்லைக் கொடுத்துத் தேட வேண்டும்.

அடுத்த பள்ளம் கூகுள் புக்ஸின் ஆண்டு. பருவ இதழ்களின் எல்லாத் தொகுதிகளுக்கும் முதல் இதழின் ஆண்டையே போட்டுவிடுவது அதன் பழைய வியாதி. 1870இல் தொடங்கிய இதழின் 1952 தொகுதியும் 1870 என்றே வரும். பக்கத்தின் ஒரு துண்டு மட்டும் தெரிந்தால், அதே தொகுதிக்குள் '1948', '1950', '1952' என்று ஆண்டுகளைத் தேடிப் பாருங்கள். எந்த ஆண்டுக்குப் பிறகு எதுவும் அகப்படவில்லையோ, ஏறக்குறைய அதுதான் தொகுதியின் வயது. பிறகு இன்னொரு நூலகத்தின் நகலில் தலைப்புப் பக்கத்தைப் பார்த்து உறுதி செய்யாமல் எதையும் சான்று என்று சொல்லக் கூடாது.

பெயர்களும் ஏமாற்றும். 1860களில் 'போஷ்' தேடினால் ஒரு மீனவர் அகப்படுவார். உமர் கய்யாமை ஆங்கிலத்தில் தந்த எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டின் நண்பர், லோஸ்டாஃப்ட் ஊர்க்காரர். 'போஷ்' அவருடைய பட்டப்பெயர். அவருக்கும் பகட்டுக்கும் சம்பந்தமில்லை.

இப்படித் தேடி அவிழ்த்த முடிச்சுகளில் நம்மவர்களுக்கு ருசியானது 'தி ஹோல் நைன் யார்ட்ஸ்'. 'மிச்சம் வைக்காமல் முழுவதும்' என்று பொருள். முழுக்க ஒன்பது கெஜம்! மடிசாருக்கு ஒன்பது கெஜம்தானே, நம்மூர்ப் புடவையிலிருந்துதான் போனது என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்துக்காரர் கில்ட் துணி என்றார். இரண்டாம் உலகப் போர் விமானத்தின் இயந்திரத் துப்பாக்கித் தோட்டாப் பட்டை 27 அடி நீளம், அதாவது ஒன்பது கெஜம், மொத்தத்தையும் சுட்டுத் தீர்ப்பதுதான் மூலம் என்பது அமெரிக்கர்களுக்குப் பிடித்த கதை. கான்கிரீட் லாரியின் கொள்ளளவு, பாய்மரக் கப்பலின் குறுக்குக் கம்புகள் என்று இன்னும் பல. ஒவ்வொன்றிலும் ஒன்பது எப்படியாவது வந்துவிடும். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட ஒன்பதைப் போல வசதியான எண் வேறில்லை.

2012இல் கதைகள் எல்லாம் சேர்ந்து கவிழ்ந்தன. நரம்பியல் ஆய்வாளரான பானி டெய்லர்-பிளேக் தேடிப் பிடித்தது கெண்டக்கி மாநிலத்துச் சிற்றூர்ப் பத்திரிகை ஒன்றின் 1912ஆம் ஆண்டுப் பத்தி. ரூஸ்வெல்ட்டும் டாஃப்ட்டும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள், கொஞ்சம் பொறுங்கள், சூடு ஏறினால் ஒருவரைப் பற்றி ஒருவர் 'முழு ஆறு கெஜத்தையும்' சொல்லிவிடுவார்கள் என்கிறது அது. ஆறு! 1921இல் தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க் பத்திரிகை ஒன்று பேஸ்பால் செய்திக்கு 'முழு ஆறு கெஜம்' என்று தலைப்பு வைத்திருக்கிறது. செய்திக்குள் கெஜமே இல்லை. அடுத்ததாக இண்டியானா மாநிலத்தின் மிட்செல் ஊர்ப் பத்திரிகையில் இன்னும் பழைய சான்றுகள் வெளிவந்தன. 1907இல் ஒரு பேஸ்பால் ஆட்ட அறிவிப்பில் 'முழு ஒன்பது கெஜத்துக்கும் உத்தரவாதம் இல்லை', 1908இல் மீன்பிடிக்கப் போய்வந்து கதையளப்பவர் ஒருவரைப் பற்றி 'யாராவது அகப்பட்டால் ஒன்பது கெஜத்தையும் அவிழ்ப்பார்'.

புடவைக் கட்சிக்காரர்கள் இங்கே நிமிர்ந்து உட்காரலாம். ஆறும் ஒன்பதும், இரண்டும் புடவை அளவுதானே! ஆனால் 1907இல் இண்டியானா சிற்றூரில் புடவை கட்டியவர் யார், அதைப் பார்த்தவர் யார் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆறும் ஒன்பதும் ஒரே காலத்தில் ஒரே வட்டாரத்தில் மாறி மாறிப் புழங்கியது வேறொன்றைச் சொல்கிறது. எண்ணுக்கு அளவுப்பொருளே இல்லை, சும்மா 'நிறைய' என்று காட்டுகிறது. ஆரம்பத்தில் ஒரு துணி இருந்திருக்கலாம், ஒரு கதைசொல்லியின் நீளமான கதை இருந்திருக்கலாம். ஆனால் ஒன்பதை விளக்கும் எந்தக் கோட்பாடும் ஆறில் உடைந்துவிடும். தோட்டாப் பட்டையும் கான்கிரீட் லாரியும் தேதியிலேயே அடிபட்டுப் போயின.

கொச்சைக்கு ஏன் தடயம் குறைவு

படித்தவர் உருவாக்கும் சொல்லுக்குப் பிறந்தநாள்கூடத் தெரியும். இலங்கையின் பழைய பெயர் 'செரண்டிப்'. அதை வைத்து, தேடாமலேயே நல்லது ஒன்று கைக்கு வருவதற்கு 'செரண்டிப்பிட்டி' என்று ஆங்கில எழுத்தாளர் ஹோரஸ் வால்போல் பெயரிட்டது 1754 ஜனவரி 28ஆம் தேதியிட்ட கடிதத்தில். குதிரைக் கொட்டடியில் பிறக்கும் சொல்லுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நியூயார்க்கை 'பிக் ஆப்பிள்' என்று பரப்பியவர் குதிரைப் பந்தய நிருபர் ஜான் ஃபிட்ஸ் ஜெரால்ட். நியூ ஆர்லியன்ஸில் இரண்டு கறுப்பினக் கொட்டடித் தொழிலாளர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு எடுத்ததாக 1924 பிப்ரவரி 18ஆம் தேதி அவரே எழுதினார். 1997இல் பிராட்வேயில் அவர் வாழ்ந்த முனைக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். அந்தத் தொழிலாளர்கள் இருவரின் பெயரும் எங்கும் இல்லை.

சொல் வாயில் பிறந்து அச்சுக்கு வர ஐந்து ஆண்டோ ஐம்பது ஆண்டோ ஆகலாம். அச்சில் ஏற்றியவர்களும் காவல்காரர்கள், நீதிபதிகள், வேடிக்கை பார்த்தவர்கள். 1567இல் தாமஸ் ஹார்மன் நாடோடிகளின் மறைமொழியைப் பட்டியலிட்டது அவர்களைக் காட்டிக்கொடுக்க. 1785இல் கொச்சை அகராதி வெளியிட்ட ஃப்ரான்சிஸ் க்ரோஸ் பரவாயில்லை, ராத்திரியில் லண்டனின் சந்து பொந்துகளில் சுற்றிக் காது கொடுத்துக் கேட்டவர்.

ஒரு சொல்லின் முதல் சான்று எதிர்பாராத துறையில் கிடைப்பதும் இதனால்தான். 'ஜாஸ்' இசைச் சொல் என்றுதானே நினைப்போம்? 1912 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் பத்திரிகை ஒன்றில் பென் ஹெண்டர்சன் என்ற பேஸ்பால் பந்துவீச்சாளர் தன் புதுப் பந்துக்கு 'ஜாஸ் பந்து' என்று பெயர் வைக்கிறார். தள்ளாடிக்கொண்டு வருமாம், மட்டையாளரால் ஒன்றும் செய்ய முடியாதாம். 1913இல் சான் ஃப்ரான்சிஸ்கோ விளையாட்டுப் பக்கங்களில் அது சுறுசுறுப்பு, துடிப்பு என்ற பொருளில் அடிக்கடி வருகிறது. சிகாகோவில் இசையோடு சேர்ந்து அச்சாவது 1915இல். முன்னோர் பெரும்பாலும் 'ஜாஸம்', 'உயிர்த்துடிப்பு' என்ற பொருளில் 1860இல் பதிவான சொல். இசை நியூ ஆர்லியன்ஸில் பிறந்தது என்பதால் சொல்லும் அங்கேதான் பிறந்திருக்கும் என்று பொருளை வைத்துத் தேடியவர்கள் பல ஆண்டுகள் தவறான ஊரில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இந்தியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் எடுத்துப்போனவை வேறு ரகம். நாசிக் அருகே தேவ்லாலி என்று ஒரு ராணுவ முகாம். பணிக்காலம் முடிந்தவர்கள் ஊருக்குக் கப்பல் வரும்வரை அங்கே காத்துக்கிடப்பார்கள். வேலை இல்லை, வெயில், காய்ச்சல், குடி. புத்தி பேதலித்தவனை 'டூலாலி டாப்' என்றார்கள். 'தப்' என்றால் இந்துஸ்தானியில் காய்ச்சல். வால் உதிர்ந்து 'டூலாலி' மட்டும் லண்டன் வரை போனது. முதல் உலகப் போரில் பதுங்கு குழியில் கிடந்தவனின் 'ப்ளைட்டி', அதாவது தாய்நாடு, சீமையைக் குறிக்கும் நம் இந்துஸ்தானி 'விலாயதி'தான். நண்பனைக் குறிக்கும் 'பால்' ரோமானி வழியே வந்தது. ரோமானியில் அது 'சகோதரன்', சமஸ்கிருத 'ப்ராதா'வின் வழித்தோன்றல். ஆங்கில 'பிரதர்' அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

ஒலி ஒத்துப்போனால் போதுமா

போதாது. பாரசீகத்தில் 'பத்' என்றால் கெட்டது, ஆங்கிலத்தில் 'பேட்'. ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று, உறவு மட்டும் இல்லை. இதைவிடத் திடுக்கிட வைப்பது ஆஸ்திரேலியாவின் ம்பபரம் மொழி. 1960களில் ஆர். எம். டபிள்யூ. டிக்சன் என்ற மொழியியலாளர் குயீன்ஸ்லாந்தில் அந்த மொழியை அறிந்திருந்த முதியவரிடம் நாய்க்கு என்ன சொல் என்று கேட்டார். பதில்: 'டாக்'. ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கியது அல்ல. பக்கத்து யிதின் மொழியில் நாய் 'குடக'. ம்பபரத்தில் பழைய சொற்களின் முதல் அசை உதிரும். சொல் 'க'வில் தொடங்கியிருந்தால் இரண்டாம் அசையின் 'அ', 'ஒ'வாக மாறும். கடைசி உயிரும் போய்விடும். குடக என்பதில் இந்த மூன்றையும் செய்தால் மிஞ்சுவது 'டொக்'. அதே விதிகள் அந்த மொழியின் மற்றச் சொற்களிலும் அப்படியே வேலை செய்கின்றன. இப்படி வரிசையாக ஒலிமாற்றம் காட்ட முடிந்தால்தான் உறவு, ஒற்றைச் சொல் ஒத்துப்போவது தற்செயல்.

நம் பக்கம் 'ஒன்று—ஒன்', 'எட்டு—எய்ட்' ஜோடிகளை வைத்து ஆங்கிலமே தமிழிலிருந்து வந்தது என்பவர்களுக்கும் இதே சோதனை. இரண்டையும் பின்னோக்கி நடத்திப் பாருங்கள். உறவாக இருந்தால் பின்னே போகப் போக நெருங்கும், தற்செயல் என்றால் விலகும். ஆங்கிலத்தின் 'ஒன்' பழைய ஆங்கிலத்தில் 'ஆன்'. முன்னால் இருக்கும் 'வ' ஒலி பிற்காலத்தில் ஒட்டியது, 'அலோன்', 'ஓன்லி' இரண்டிலும் அது இல்லாதது அதற்குச் சாட்சி. தமிழ் 'ஒன்று' பின்னே போனால் 'ஒரு', 'ஓர்' பக்கம் போகிறது. 'எய்ட்' பழைய ஆங்கிலத்தில் 'எயஹ்த', லத்தீனில் 'ஒக்தோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. நம் 'எட்டு' எண்பது, எண்ணூறு என்பவற்றில் உள்ள 'எண்'. விலகிப் போய்விட்டன.

'கேஷ்' நம் 'காசு'தான் என்ற கதை கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் அதில் பாதி உண்மை. ஆங்கில அகராதியில் இரண்டு 'கேஷ்' உண்டு. ஒன்று ரொக்கம். அது பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் பணப்பெட்டியைக் குறித்த சொல்லிலிருந்து 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது, பெட்டி என்ற பொருளிலேயே ஆங்கிலத்திலும் கொஞ்ச காலம் புழங்கியது. ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியதே அதற்குப் பிறகு, 1600இல்தான். மற்றொன்று நம் 'காசு', போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போய் தென்னிந்திய, சீனச் சிறுநாணயங்களுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர். சென்னையில் கம்பெனிக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன், அந்தக் காசு இதுதான். எழுத்தும் ஒலியும் ஒன்றாகிப்போனதால் இரண்டும் ஒன்றென்று தோன்றுகிறது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் போல நிஜமாகவே தமிழிலிருந்து போனவற்றுக்கு இந்தத் தடுமாற்றம் இல்லை. சோழமண்டலக் கரையில் கட்டுமரத்தைப் பார்த்ததை வில்லியம் டாம்பியர் 1697இல் பெயர் சொல்லியே எழுதிவைத்திருக்கிறார். பொருள், இடம், ஆள், ஆண்டு நான்கும் ஒரே பக்கத்தில்.

இத்தனைக்கும் பிறகு கைக்குச் சிக்காமல் நிற்பவை அரிய சொற்கள் அல்ல. பையனும் பெண்ணும் பறவையும் பன்றியும்தான். 'பாய்', 'கேர்ள்', 'பேர்ட்', 'பிக்' எதற்கும் உறுதியான வேர் கிடையாது. 'கேர்ள்' 1300ஐ ஒட்டி ஆணோ பெண்ணோ எந்தக் குழந்தைக்கும் பொதுவாக இருந்தது. அதற்கு முன்னால் இருட்டு. இவர்களில் பெரிய மர்மம் மறுபடியும் நாய்தான். பழைய ஆங்கிலத்தில் நாய்க்கு 'ஹுண்ட்', அதுவே இன்று வேட்டை நாய்க்கு மட்டும் ஆகிவிட்ட 'ஹவுண்ட்'. 'டாக்'கின் மூதாதையான 'டொக்க' பழைய ஆங்கில எழுத்தில் ஒரு லத்தீன் நூலுக்கு எழுதிய பொருள் குறிப்பிலும் சில இடப்பெயர்களிலும் தலைகாட்டுவதோடு சரி. சில நூற்றாண்டுகளில் அது ஹுண்டை ஓரங்கட்டிவிட்டது.

2006இல் பியோட்டர் கோன்ஷியோரோவ்ஸ்கி என்ற போலந்து மொழியியலாளர் ஒரு வழி சொன்னார். தவளைக்குப் பழைய ஆங்கிலத்தில் 'ஃப்ரொக்ஸ்', செல்லமாகச் சொன்னால் 'ஃப்ரொக்க', இன்றைய 'ஃப்ராக்'. அதே போல 'டொக்ஸ்' என்ற நிறச்சொல்லைச் செல்லமாக்கினால் 'டொக்க'. மங்கலான கருநிறம் என்று பொருள், அந்தி மங்கலைக் குறிக்கும் 'டஸ்க்' அதன் வாரிசு. செவலை, கருப்பன் என்று நாம் நாயைக் கூப்பிடுவது போல அவர்களும் கூப்பிட்டிருக்கலாம். தவளையை ஜோடியாகக் காட்டுவதுதான் இந்த யோசனையின் பலம். பெரும்பாலான அகராதிகள் இன்னும் 'தோற்றம் தெரியவில்லை' என்றே போடுகின்றன. பன்றியையும் கலைமானையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் பழைய வடிவங்களும் அதே மாதிரி முடிகின்றன, ஆனால் இந்தச் சாவியைப் போட்டால் அந்தப் பூட்டுகள் அவ்வளவு எளிதாகத் திறப்பதில்லை.